கப்பலில் அனுப்பிய ஓடைத் தண்ணீர்

கப்பலேறுகிறவர் கையில் எதையாவது கொடுத்தனுப்பாவிட்டால் போர்ட் பிளேயரில் எங்களுக்குத் தூக்கம் வராது. கருவாடு, ஊறுகாய், கல்யாணச் சேதி எல்லாம் யாரோ ஒருவரின் கையிலும் வாயிலும்தான் மெயின்லேண்டுக்குப் போகும். அறுபதுகளின் கடைசியில் நான் என் படிப்பையே அப்படிக் கொடுத்தனுப்பினேன். புத்திசாலிதான்.

மெட்ராஸில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஊருக்கு வெளியே, டாலிகஞ்சைத் தாண்டி இரண்டு ஓடைகள். ஒன்று காட்டுக்குள் ஓடியது. இன்னொன்றின் கரையில் குடியேற்றத்துக்காக மரங்களை வெட்டியிருந்தார்கள். காடு போனபின் மண்ணிலிருக்கும் நைட்ரஜன் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, இரண்டிலும் தண்ணீர் பிடிப்பேன். புட்டியை அந்தந்த ஓடைத் தண்ணீரிலேயே அலசி, கெடாமலிருக்க அமிலம் சில சொட்டு விட்டு மூடுவேன். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாதென்று அப்பா கூடவே வந்து குடை பிடிப்பார். ஹேடோ துறைமுகத்தில் வேலை அவருக்கு. புட்டிகளை வைக்கோல் சுற்றி அவரே கப்பலேற்றுவார்.

மெட்ராஸில் என் பேராசிரியர் அவற்றைச் சோதித்தார். வெட்டிய காட்டின் ஓடையில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. "வந்து சேர், முனைவர் பட்டத்துக்கு இதையே எடுத்துக்கொள், ஓர் இடம் இருக்கிறது" என்று சொல்லியனுப்பினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எங்கள் பள்ளியின் கெமிஸ்ட்ரி சார் அப்போது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அடுத்த கப்பல்ல வந்துடுறேன்னு புரொஃபசர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"அச்சா, பக்கா சொல்லிடறேன் டீச்சர்."

பதில் வந்ததும் கிளம்பலாமென்று காத்திருந்தேன்; பதிலே வரவில்லை. அடுத்த கப்பல் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் கெமிஸ்ட்ரி சாரே வந்தார், என் பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவராக. நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "அந்த வெட்டின காட்டு நாலா எந்தப் பக்கம் டீச்சர்?" என்று ஓடைக்கு வழி கேட்டார்.

காது சுட்டது. "என் இடத்துல உட்கார்ந்துக்கிட்டு என்கிட்டயே வழி கேக்கறீங்களா?"

"நான் பறிக்கலை டீச்சர். உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, வரமாட்டீங்கன்னு சொன்னேன். அப்புறம்தான் எனக்குக் குடுத்தார்."

"யாருக்குக் கல்யாணம்?"

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். "அப்பாதான் கப்பல் ஏறுற ஜெட்டில வெச்சு அப்படிச் சொல்லச் சொன்னார்."

திரும்பினேன். பின்னால் நின்ற அப்பா மறுக்கவில்லை. "மெட்ராஸ்ல தனியா விட எனக்கு தில் இல்லம்மா. தண்ணி பிடிக்கறத யாரு வேண்டாம்னா? நீ பிடிச்சுக் குடு, சார் கொண்டு போவார்."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்நியன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். "காட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். குடையையும் எடுத்துக்கொண்டார். "வாங்க சார், எனக்கு வழி தெரியும்" என்று படியிறங்கினார். தெருமுனை வரை அவர் குரல் கேட்டது.

"புட்டிய மொதல்ல அந்த நாலாத் தண்ணிலயே அலசணும், சார்."