‘மாற்றுக’ என்பதைத் தொட்டேன்

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் மாதர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இப்போது போனிலேயே திறக்கிறது. தனியாக இருப்பவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் மதியச் சாப்பாடு போகும்.

தோழி கமலம் அடுத்த தெருவுக்கு வீடு மாறினாள். விலாசத்தைத் திருத்த எண்ணி, அவள் பெயருக்கு எதிரே மலையாளத்தில் இருந்த ‘மாற்றுக’ என்பதைத் தொட்டேன். பெயரே காணாமல் போயிற்று! ஒன்றும் புரியவில்லை. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கமலம் போன் செய்தாள். “ஏண்டி, மணி ரெண்டாச்சு, சாப்பாடு வரலையே. சர்க்கரை இறங்கி கை நடுங்கறது.”

சோற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிறகு செயலாளர் ஜெயாவிடம் சொன்னேன்.

“மாமி, மலையாளத்துல மாற்றுகன்னா எடுத்துடறதுன்னும் அர்த்தம் உண்டு! உங்களுக்குப் பார்க்க மட்டும்னு கொடுக்காம அட்மினா போட்டுட்டேன், என் தப்பு” என்று பெயரைத் திரும்பச் சேர்த்தாள்.

அட்மின் என்றால் யாரையும் சேர்க்கலாம், எடுக்கலாமாம். எனக்கு இன்னும் குழப்பம்தான். இப்போது என் போனில் பார்க்க மட்டுமே முடியும். ஏதாவது தவறினால், வெட்கப்படாமல் அப்போதே சொல்லிவிடுகிறேன்.