எல்லோருக்கும் பத்திரிகை வைத்தவர்

ஏகாம்பரத்தை அவர் வேலை பார்க்கும் கணினி நிறுவனத்தின் இணையதளம் ‘சட்டச் சிக்கல் தவிர்ப்பு நிபுணர்’ என்கிறது. உத்திரமேரூரில் வீட்டு மாடியிலிருந்தே வேலை. ஏனாத்தூரில் படித்த காலத்தில் அவர் கணினி பழகியது அந்த நிறுவனத்தின் இயங்குதளத்தில்தான்; அதன் நீலத் திரையை நினைத்தால் இன்றும் முகம் மலர்ந்துவிடும். விற்பனை நின்றுபோன அதை மூலநிரலோடு இலவசமாக வெளியிட நிறுவனம் முடிவு செய்தபோது, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதில் வெளியார் எழுதிய பகுதிகளும் இருந்தன. அவற்றை வெட்டிவிடச் சொன்னார் நிறுவனத்தின் வக்கீல். வெட்டினால் இயங்குதளம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆகவே ஏகாம்பரம், கல்யாணத்துக்குப் பங்காளி வீடு ஒன்று விடாமல் பத்திரிகை வைப்பதுபோல, எல்லோருக்கும் அனுமதி கேட்டு எழுதினார். என்றோ நீக்கப்பட்ட பகுதிகளை எழுதியவர்களையும் விடவில்லை.

எழுத்துரு தந்தவர்கள் பெரும் கட்டணம் கேட்டார்கள். நீக்கப்பட்ட பகுதிகளை எழுதியவர்கள் வழக்குப் போடுவோம் என்றார்கள்.

“தூங்கிக்கினு இருந்தவங்கள எழுப்பி வுட்டுட்டு, இப்ப பேஜாரா கீதுன்றியே!” என்றாள் மனைவி சுலோச்சனா.

“சொல்லாம செஞ்சா மரியாதையா இருக்குமாடி?”

நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. ஊரில் யாரையும்விட அந்த இயங்குதளத்தை நேசித்த ஏகாம்பரம், அது வெளிவராமல் செய்தார்.