சின்ன எரராம்... யாருக்குச் சின்னது?

போன புதன்கிழமை. தம்போய்ப் பகுதியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் மத்தியானம் வரை மீட்டிங். முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பக்கத்து நாற்காலியில் அக்கவுண்ட்ஸ் மாலதி. 'வெஜிடேரியன்' என்று எழுதியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, சேமியா மாதிரி இருக்கும் மீகூனைச் சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

மீகூனுக்குள் ஒரு நெத்திலித் தலை!

"சாப்டுட்டேன்ண்ணே... பாதி சாப்டுட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஒரு நெத்திலிக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். மாலதி தைப்பூச விரதத்தில் இருக்கிறார். கணவருக்குக் குடலில் கட்டி. ஆபரேஷன் ஆகி, சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்காகப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டுதல். வீட்டில் சட்டி பானையைக்கூட மாற்றிவிட்டுச் சமைக்கிற மனுஷி! மீட்டிங் சாப்பாடு என்றதும் ஹெச்.ஆரில் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார் — "விரதம்மா, சுத்த சைவமா சொல்லிடு."

ஹெச்.ஆரில் இருப்பது ஷாமினி. நம் தமிழ்ப் பெண்தான். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போய் செல்ஃபி எடுத்துப் போடுகிறவர்தான். கூப்பிட்டுக் காட்டினேன்.

"அலமாக்! சின்ன எரர்தான் லா அக்கா. கேட்டரிங்காரங்களுக்கு நெத்திலி எல்லாம் மீன் கணக்குலயே வராது. வாசத்துக்குப் போடுவாங்க."

"விரதம்னு அவங்ககிட்ட சொன்னியாம்மா?" என்றேன்.

"இறைச்சி வேணாம்னு சொன்னேன்ண்ணே. அது போதும்னு நெனச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கங்கோங் கீரை கேட்டால்கூட பெலாச்சான் என்ற இறால் விழுதைப் போட்டுப் பிரட்டித் தருகிற ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும். இன்னும் ஒரு வாக்கியம் பேசச் சோம்பல், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த 'எரர்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். லத்தீனிலிருந்து வந்ததாம். அலைவது, வழி தப்பிப் போவது என்று அர்த்தமாம். பிறகு மதத்தில் வழி தப்புவதற்கும் அதுவே பேர் ஆனது. ஐரோப்பாவில் அந்தக் குற்றத்துக்காக மனிதர்களை உயிரோடு கொளுத்தியிருக்கிறார்கள்! அப்புறம் விஞ்ஞானிகள் கையில் போய், அளவில் வருகிற சிறு வித்தியாசம் ஆனது. கடைசியில் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தது. 'எரர்... மறுபடி முயற்சி செய்க.'

ஆளையே எரித்த சொல்லுக்கு இப்போது ஆளே கிடையாது, பாருங்கள். தப்பு என்றால் யாராவது செய்திருக்க வேண்டும். எரர் என்றால்? மழை மாதிரி அது பாட்டுக்கு வரும், போகும். நனைந்தவர் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு இதைவிட வசதியான சொல் வேறு உண்டா?

மாலதி அன்றைக்கே கோயிலுக்குப் போய் அழுதிருக்கிறார். விரதம் முறிந்ததா இல்லையா என்று மறுநாளும் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் ஷாமினியிடம் போனேன்.

"மாலதிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"என்னண்ணே, இதப் போயி பெருசு பண்றீங்க? இந்த வருஷம் சரியில்லன்னா அடுத்த வருஷம் பால்குடம் எடுக்கச் சொல்லுங்க லா."

அடுத்த வருஷமா?

அம்மா ஷாமினி... அடுத்த வருஷம் புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பெண் இந்த வருஷம் விரதம் இருக்கிறாள்!