மாமாவின் துண்டு

என் தாய்மாமா முகக்கவசம் போட மாட்டார். ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைக் கொடிக்கு மருந்து அடிக்கும்போது மட்டும், கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொள்வார். கொரோனாவுக்குப் பயந்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிய, அவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கம்பத்துக்குத் திராட்சைப் பெட்டி ஏற்றிப் போய்வந்தார். யாராவது கேட்டால், "என் மூக்கு, என் இஷ்டம்" என்பார். அவர் மூக்கு அவருடையதுதான் என்பதில் நாலாம் வகுப்புப் படித்த எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். கோயில் பூட்டியிருந்ததால் வீட்டிலேயே. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, வீட்டில் நிறைமாதமாக இருந்தார். பல வருஷம் ஏங்கி உண்டான பிள்ளை. அத்தை பக்கத்தில் தும்மக்கூட அப்பா பயப்படுவார். மாமாவை முகக்கவசத்தோடு வரச்சொல் என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னால் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவான் என்று அம்மா சொல்லாமல் விட்டுவிட்டார்.

மாமா வந்தார். அவருக்கு முன்னால் ஒரு நெடி வந்தது. மீனையும் வெல்லத்தையும் டிரம்மில் ஊறவைத்துக் கொடிக்குத் தெளிப்பார். மீன் அமிலம் என்று பெயர். நன்றாக ஊறினால் பழ வாசம் வரும் என்பார்கள். மாமாவின் டிரம்மில் அது ஒருநாளும் வந்ததில்லை. அந்த அமிலத்தை வடிகட்டிக் காயப்போட்ட துண்டைத்தான் அவசரத்தில் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த அத்தை, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அப்பா பின்வாங்கினார். காது குத்த வந்த ஆசாரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். அரசாங்கம் தலைகீழாக நின்று சொல்லியும் நடக்காத சமூக இடைவெளி ஒரே நிமிஷத்தில் நடந்தது. நோய்க்குப் பயந்துதான் விலகுகிறார்கள் என்று மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொந்தபந்தமே மறந்துபோச்சா என்று எல்லாரையும் ஏசிவிட்டு, பிள்ளைக்காகக் கையை நீட்டினார்.

அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"ஏலே, ஒனக்கு இந்த நாத்தம் தெரியலையா?"

"என்ன நாத்தம்?" என்றார் மாமா.

வாசனை தெரியாமல் போனால் என்ன அர்த்தம் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. மாமா துண்டை மூக்கில் வைத்து உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். பிறகு, அத்தை நின்றிருந்த வாசலைப் பார்த்தார். அதே துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். காதுகுத்து நின்றது. மறுநாள் சோதனையில் அவருக்குக் கொரோனா என்று உறுதியானது.

தினமும் சாப்பாட்டுத் தூக்குவாளியை நான்தான் கொண்டுபோவேன். "அங்கனயே வச்சுட்டுப் போ ஆத்தா" என்று கம்பிவேலிக்கு உள்ளே தூரத்தில் நின்று கத்துவார். முகத்தில் துண்டு. ஆளே இல்லாத தோட்டத்தில் அதை எதற்குக் கட்டியிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வரும். என்ன குழம்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அத்தை இருமினாகளா என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால், நல்லா யோசிச்சுச் சொல்லு என்பார்.

அத்தைக்குப் பெண் பிறந்து, ரெண்டு பேரும் நல்லா இருக்காக என்று நான் வேலிக்கு வெளியிலிருந்து கத்திச் சொன்ன அன்று, மாமா திரும்பி நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மீன் அமிலம் கண்ணில் பட்டு எரிகிறது போல என்று நினைத்தேன்.

"வேற துண்டு கொண்டாரவா மாமா?" என்று கேட்டேன்.