பாதியில் விலகியவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். வலி மருந்துகள், போதை மீட்பு சிகிச்சைகள் பற்றி வருகிற ஆய்வுகளைப் படித்து, எதை நம்பலாம், எதைக் குப்பையில் போடலாம் என்று தரம் சொல்வது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எந்த மருந்துக் கம்பெனியின் பருப்பும் அவளிடம் வேகாது. அப்படிப்பட்டவள்தான் கோட்டை விட்டாள்.

லாரி ஓட்டும் தம்பிக்கு இடுப்பில் அடிபட்டபோது, டாக்டர் எழுதிய வலி மாத்திரையைச் சாப்பிடலாமா என்று அக்காவிடம்தான் கேட்டான். அந்த மாத்திரையின் ஆய்வுக்கு முதல் தரம் கொடுத்தவளே அவள்தானே! "கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடுடா" என்றாள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. அது இல்லாமல் அவனால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வேலையும் போயிற்று.

அப்புறம்தான் அந்த ஆய்வை எடுத்துத் திரும்பப் படித்தாள். பாவி! மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் பாதியிலேயே விலகியிருந்தார்கள். 'சொந்தக் காரணங்கள்' என்று ஒரே வரி. அவர்களைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்தவர்களை வைத்துத்தான் அத்தனை அழகான முடிவு. அந்த வரியை அவள் முன்பும் படித்திருந்தாள், படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். தரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினாள், குறைத்தார்கள். ஆனாலும் தம்பியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது இருவரும் போதை மீட்பு மையத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை.

"நீ சொல்லுக்கா. இங்க சேந்தா சரியாயிடுமா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும், சேர்ந்துவிடுவான். நாக்கு நுனி வரை வந்தது.

"பாதிப் பேருக்குத்தான்டா சரியாயிருக்கு."

"பாதிதானா? அந்த மாத்திரைக்கு ஆஹா ஓஹோன்னியே!"

"அதுல விட்டுட்டுப் போனவங்களை யாரும் தேடல. நானும் ஏன்னு கேக்கல. என் தப்புடா. உன்னை இங்க கொண்டுவந்து உக்கார வெச்சதே நான்தான்." மையத்தின் கதவைக் கை காட்டினாள். "இவங்க அப்படி இல்ல. விட்டுட்டுப் போனவங்க வீட்டுக்கே போய்ப் பாத்திருக்காங்க. அவங்களையும் சேத்துதான் பாதி."

தம்பி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் பாதியில ஓடிட்டா?"

"தேடிக்கிட்டு வருவேன்."

"வந்து திட்டுவியா?"

"மாட்டேன்டா. ஏன்னு கேப்பேன்."

அவன் எழுந்து, அவள் மடியில் இருந்த தன் துணிமணிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.