நாச்சிமுத்து அண்ணனுக்கு ஒரு பனியன்

நாச்சிமுத்து அண்ணன் நேற்றுக் காலை போய்விட்டார். தூக்கத்திலேயே.

திருப்பூர் மண்ணரையில் எங்கள் தெருமுனையில் பனியன் கடை வைத்திருந்தவர். இங்கே இருந்த நண்பர்கள் சிலருக்காவது ஞாபகம் இருக்கும்...

அஞ்சலிப் பதிவு எழுதும் பழக்கம் எனக்கில்லை. நேற்று நடந்த ஒன்று இன்னும் பிடிபடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒற்றை ஷட்டர் கடை. வெள்ளைப் பனியன், ஜட்டி, துண்டு. பனியனில் ஒரே ரகம்தான், கையில்லாதது.

போனதும் ஒரே கேள்வி. "யாருக்குங்க அம்மணி?"

"அப்பாவுக்குங்க" என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை உருவுவார். கல்யாணமான புதிதில் "எங்க வீட்டுக்காரருக்குங்க" என்றபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"மாப்பிள்ளைய ஒருக்கா இந்தப் பக்கமா நடந்து போகச் சொல்லுங்க."

அவரும் சங்கடத்தோடு நடந்து போனார். சைஸ் சரியாகத்தான் இருந்தது.

வேறு மாடல் கேட்டால், "மேல சட்டை போடப் போறாருங்க. உள்ள எதப் போட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்பார்.

இதைப் பெரிய கொள்கை என்று நான் நினைக்கவில்லை. அது அவர் மச்சானின் பட்டறைச் சரக்கு. அதை விற்றுத்தான் ஆக வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஒருமுறை எவனோ ஒரு சேல்ஸ்மேன் புது ரகங்களை வைத்துவிட்டுப் போயிருந்தான். பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "அம்மணி எக்ஸ்போர்ட்ல இருக்கறீங்க. இதுல என்னங்க போட்டிருக்குது?"

"வேர்வைய உறிஞ்சுமாமுங்க."

"அப்ப இத்தன நாளா நம்முளுது என்னங்க பண்ணீட்டு இருந்துச்சு?"

அதே வாசகத்தை எங்கள் கம்பெனி டேக்கில் அச்சடிக்க அப்ரூவல் கொடுத்தவள் நான். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் முழங்கால் வலி தாங்காமல் கடையை மூடினார். இருந்த சரக்கை மொத்தமாக யாரிடமோ தள்ளிவிட்டார்.

நேற்று துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சரஸ்வதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, எம்பொறந்த ஊட்டுல இருந்து கோடி வேட்டியும் துண்டும் வருது. பனியனத்தான் ஆரும் நெனைக்கல. புதுசா ஒண்ணு வாங்கியாந்துரு. பனியன் போடாம அவரு வாசப்படி தாண்டுனதில்ல."

மதியம் எடுக்கிறார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெரிய ஷோரூமுக்குப் போனேன். பக்கத்தில் வேறு கடை திறந்திருக்கவில்லை.

ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பனியன்.

"என்ன மாதிரி பாக்கறீங்க மேம்? ரிப்பா, இன்டர்லாக்கா? காட்டனா, மோடலா, பேம்பூவா?" சின்னப் பெண். வேலைக்குப் புதிதுபோல, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"சாதா வெள்ளைப் பனியன்மா. கையில்லாம."

"எல்லாமே அதுதான் மேம். டெய்லி வேரா, ஜிம் வேரா?"

டெய்லி என்று சொல்வதா...

"யாருக்குங்க மேம்?"

"ஒரு பெரியவருக்கு."

"அப்ப சாஃப்ட்டா எடுத்துக்கோங்க, உடம்புக்கு இதமா இருக்கும். சைஸ் என்னங்க மேம்?"

சைஸ். அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் மகள் பிரியாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா சைஸா? தெரியலீங்களேக்கா... இருங்க, அம்மாகிட்ட கேக்கறேன்." பின்னால் அழுகைச் சத்தம். பிறகு, "அம்மாவுக்கும் தெரியலீங்க. கடையில இருந்து அவரே எடுத்துப் போட்டுக்குவாரு, நாங்க கேட்டதே இல்லைங்கறாங்க."

"கொடியில பழசு எதாச்சும் காயுதா பாரு சாமி."

போய்ப் பார்த்தாள். இருந்தது. கழுத்தில் அச்சடித்த எண் துவைத்துத் துவைத்து அழிந்துபோயிருந்தது.

தெருவில் எல்லோருடைய அளவும் தெரிந்தவர். அவருடைய அளவு ஒருவருக்கும் தெரியவில்லை.

குத்துமதிப்பாக எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என மூன்று எடுத்தேன். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமாம்.

அதோடு விட்டிருக்கலாம். எக்ஸ்போர்ட்டில் பழகிய கை சும்மா இருக்கவில்லை. ஒன்றைப் பிரித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அடிமடிப்பில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. "வேற பீஸ் குடும்மா" என்றேன். அவள் ஸ்டாக் ரூமுக்குள் போனாள், தேடினாள்... அங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். "எங்கீங்க போனீங்க, திருப்பூர்ல பனியனுக்கா பஞ்சம்?" என்றார் பங்காளி ஒருவர்.

மூன்று பாக்கெட்டையும் நீட்டினேன். "எந்த சைஸ்னு தெரியலீங்க."

"எதா இருந்தா என்னங்க அம்மணி. கை மடங்காது. பின்னால வெட்டித்தான் போடோணும்."

கைக்கு வந்த ஒன்றைப் பிரித்தார். கத்திரியால் முதுகில் கழுத்திலிருந்து அடிவரை ஒரே இழுப்பு. முன்பக்கத்தை நெஞ்சில் பரப்பி, ஓரங்களை உடம்புக்குக் கீழே செருகிவிட்டார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவருடைய சட்டை ஒன்றையும் அப்படியே முதுகில் வெட்டி மேலே போட்டுவிட்டார்.

சரஸ்வதி அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். "அளவு சரியா இருக்குதா கண்ணு?"

"சரியா இருக்குங்கக்கா."

மீதி இரண்டும் ஸ்கூட்டர் பெட்டியில் கிடக்கின்றன. பில் இருந்தால் மாற்றித் தருவார்களாம். எதற்கு மாற்றுவது என்று தெரியவில்லை.

நல்லபடியாகப் போங்கண்ணா. மேலே சட்டை போட்டாயிற்று. யாருக்கும் தெரியாது.