ஊசி கோத்த கை

எங்கள் வீட்டுக் காலண்டர் அட்டையின் ஓரத்தில் ஓர் ஊசி குத்தியிருக்கும். அதன் காதில் ஒரு முழம் சிவப்பு நூல் தொங்கும். வருஷம் பிறந்து காலண்டர் மாறும்போது, பழைய அட்டையிலிருந்து ஊசியைப் பிடுங்கிப் புது அட்டையில் குத்திவிட்டுத்தான் முதல் தேதியைக் கிழிப்பேன். வருகிறவர்கள் அதைப் பொத்தான் தைக்கிற ஊசி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் விட்டுவிடுவேன். அது எங்கள் வீட்டுக்காரரைச் சோதனை போட நான் வைத்திருந்த ஊசி என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வேலை திருமானூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிறது. கோணி ஊசியும் சணலும் கையில் இருந்தால் பேசிக்கொண்டே தைப்பார், ஒரு மணி நெல் கீழே சிந்தாது. அறுவடைக் காலத்தில் அங்கே எழும்புகிற தூசிக்குக் கணக்கில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கூட்டாளிகள் கடைப் பக்கம் இழுப்பார்கள். "தொண்டையில அடைச்ச தூசி எறங்கணும்ல" என்பார். தூசிக்கென்று ஆரம்பித்தது, தூசி இல்லாத மாதத்திலும் தொடர்ந்தது. வரும்போது ஓமம், கிராம்பு, கொய்யா இலை என்று எதையாவது மென்றுகொண்டே வருவார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி மணக்கும். குடித்தீர்களா என்று நேராகக் கேட்க எனக்கு நாக்கு எழாது. கட்டிக்கொண்டு வந்த புதிதில், சாப்பிட வாங்க என்று கூப்பிடுவதற்குப் பதில் தட்டைத் தட்டி ஓசைப்படுத்துகிறவள் நான்.

அப்போது டெய்லர் கடையிலிருந்து ஜாக்கெட் வாங்கிவந்து, கொக்கி வைத்துக் கொடுப்பேன். ஒருநாள் விளக்கேற்றுகிற நேரம், கரண்டு மங்கலாக இருந்தது. "கண்ணு தெரியல, கொஞ்சம் நூல் கோத்துக் குடுங்க" என்று ஊசியை நீட்டினேன். சாதாரண நாளில் பார்க்காமலே கோத்துவிடுகிற மனிதர், அன்றைக்கு நூலை எச்சில் தொட்டார், முறுக்கினார், ஒரு கண்ணை மூடினார், மூச்சைப் பிடித்தார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. கடைசியில் கோபம் வந்துவிட்டது. "ஏ புள்ள, ரெண்டு ஊசியக் குடுத்துட்டு நூலு ஒண்ணு குடுத்தா எதுலதான் கோக்குறது?" என்றார். என் வாய் கேட்க முடியாததை ஊசி கேட்டுவிட்டது. சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு, ஊசியை வாங்கிக் காலண்டரில் குத்தினேன்.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கால் கழுவி உள்ளே வந்ததும், கண் தெரியவில்லை என்று சொல்லி ஊசியையும் நூலையும் நீட்டுவேன். கோத்துவிட்டால் பேச்சும் சிரிப்புமாகச் சோறு போடுவேன். கோக்காவிட்டால் சோறு உண்டு, பேச்சு கிடையாது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார், நான் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு ஆகாது. ஆளுக்குத் தக்க போதை என்பார்கள், அவருக்கு அது நாக்கிலும் விரலிலும்தான் முதலில் ஏறும். கால் நன்றாகத்தான் நடக்கும். நாக்கு மட்டும் தடித்துப்போய், கொள்முதல் நிலையம் முழுக்கத் தன் பேரில் இருக்கிற மாதிரி பேசும். வாசலில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "மாப்ள, உனக்கு ஒரு மூட்டை நெல்லு, எடுத்துட்டுப் போ" என்று தானம் செய்வார். விடிந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொம்பு நீராகாரத்தை ஒரே மூச்சில் குடிப்பார். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது அவருக்கு நினைவிருக்காது, வாங்க வருகிறவனுக்கு நினைவிருக்கும்.

ஒருநாள் நான் நீட்டிய ஊசியை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். கண் மூடித் திறப்பதற்குள் கோத்த ஊசியைக் கொடுத்தார். நான் கொடுத்தது சிவப்பு நூல், கைக்கு வந்தது வெள்ளை நூல். பகலிலேயே வேறொரு ஊசியில் நூல் கோத்துச் சட்டைக் காலருக்கடியில் குத்தி வைத்திருக்கிறார். நான் அந்த வெள்ளை நூலையே பார்த்தேன். அவரும் பார்த்தார். "வெளுத்துப்போச்சு போல" என்றார். அதிலிருந்துதான் நான் சிவப்பைத் தவிர வேறு நூலை அந்த ஊசிக்குக் கொடுப்பதில்லை.

இப்படியே பல வருஷம் ஓடின. பிறகு ஓர் ஐப்பசியிலிருந்து அவர் தினமும் முதல் தடவையிலேயே கோக்க ஆரம்பித்தார். சிவப்பு நூல்தான், என் கண்ணெதிரில்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனாரிடம், "ஒங்க அண்ணன் திருந்திட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் குடியை விட வேண்டும் என்று நேர்ந்திருந்த வேண்டுதலை முடிக்கத் திருமழபாடி கோயிலுக்குக் காலை முதல் பஸ்ஸில் கூட்டிப்போனேன். சந்நிதியில் கும்பிட்டு நின்றபோது அவர் கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. விபூதி வாங்கினார், பாதி தரையில் கொட்டியது. பக்தியில் உடம்பு இப்படி ஆடுகிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் நின்று இன்னொரு கும்பிடு போட்டேன்.

அந்தப் பக்தி காலையில் மட்டும்தான் வரும் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார், அப்படியும் வேட்டியில் சிந்தும். சோறு இரண்டு வாய்க்குமேல் இறங்காது. பொங்கலுக்குள் கால் வீங்கிவிட்டது, கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து கட்டலாம் என்றார்கள் அக்கம்பக்கத்தில். நாத்தனார்தான் பிடிவாதமாக எங்களைப் பஸ் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். "கையை நீட்டுங்க" என்றார். கை காற்றில் வாழையிலை மாதிரி ஆடியது. "எவ்ளோ குடிப்பீங்க?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்நிய ஆளிடம் அதுவரை நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. இவர் உயிர் என் வாயில் இருக்கிற மாதிரி தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டே ஊசிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். "சாயங்காலம் டக்குனு கோத்துடுவாருங்க. காலையிலதான் கை நிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆரம்பத்துல குடிச்சா கை நடுங்கும்மா. ரொம்ப வருஷம் ஆச்சுன்னா குடிக்கலன்னாதான் நடுங்கும். உள்ள கொஞ்சம் போனா நின்னுடும். ஒங்க ஊசி அப்ப சொன்னது சரி, இப்ப தலைகீழாச் சொல்லுது."

நான் எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊசி கோக்கணுமேன்னுதான் புள்ள, ஒரு கட்டிங் போட்டுட்டு வருவேன். இல்லன்னா நீ பேச மாட்ட."

நாத்தனார் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். கோயிலில் போட்ட அந்த இரண்டாவது கும்பிடு எனக்கு நினைவுக்கு வந்தது.

கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது, அதே சமயம் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து, இங்கே இருந்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று படுக்கையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சுவரில் எறும்பு போகிறது என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "மூட்டை பிரிஞ்சு கெடக்கு, நெல்லு கொட்டுது, யாராச்சும் வாயப் புடிங்கய்யா" என்று கத்தினார். வெறுங்கையில் இல்லாத ஊசியை எடுத்தார். இல்லாத சணலை எச்சில் தொட்டு, முறுக்கி, ஒரே தடவையில் கோத்தார். ஒரு நர்சம்மா ஓடிவந்தார். "புடிச்சிட்டேன், தைங்கண்ணே" என்று காற்றில் மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரும் ஒழுங்காக ஒவ்வொரு தையலாகப் போட்டார். வார்டில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிழைத்து வந்தால் இனி வாயைத் திறந்து பேசிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பிழைத்தார். அன்றோடு விட்டார். நானும் வேண்டுதலைக் காப்பாற்றினேன், முறைத்துக்கொண்டு இருப்பதை விட்டுவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்க ஆரம்பித்தேன். கை நடுக்கம் முழுசாக அடங்கச் சில மாதம் ஆயிற்று. தினமும் காலையில், வெறும் வயிற்றோடு, அவரே காலண்டரிலிருந்து ஊசியை எடுத்துவந்து, நூலை உருவிவிட்டு என் எதிரில் உட்காருவார். கோத்துக் காட்டிவிட்டுத்தான் டீ குடிப்பார். மகளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தோம், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

போன வாரம் ஒருநாள் அவரால் கோக்க முடியவில்லை. எச்சில் தொட்டார், முறுக்கினார், ஒரு கண்ணை மூடினார். டீ டம்ளரை நீட்டப் போன நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிப்போனது. "சத்தியமா இல்ல புள்ள. வேணும்னா மோந்து பாரு" என்றார். வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை வயசுக்கு மேல் குனிந்து மோந்தேன். பல்பொடி வாசம்தான் அடித்தது. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். கை ஆடவே இல்லை. ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கூர்முனையில் நூலைக் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுல பொரை விழுந்திருக்குங்க. பெரம்பலூருக்குப் போயி மகளையும் கூட்டிக்கிட்டுக் கண்ணு டாக்டரப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை வாங்கினேன். மனசு லேசான சந்தோஷத்தில், யோசிக்காமல் சிவப்பு நூலை ஒரே தடவையில் கோத்துவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஒனக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல, இத்தன வருஷமா?"

நான் எழுந்துபோய் ஊசியைக் காலண்டரில் குத்தினேன்.